அம்பாசடரை விற்பதாக இல்லை

சேவியர், இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நீ நடுவில் எழுந்து போனாலும் திரும்பி வரும்போது நான் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். அதனால் பெங்களூரில் உன் ஏசி ரூம் கதவைச் சாத்திவிட்டு, நிதானமாக உட்கார்ந்து படி. திட்டு கொஞ்சம் இருக்கும். திட்டு மட்டும் இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கு வந்துவிட்டுப் போகும்போது நீ மூன்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாய். நான் இனிமேல் கார் ஓட்டக் கூடாது. அப்பா வாங்கிய அம்பாசடரை விற்றுவிட வேண்டும். கிறிஸ்துமஸ் கழித்து உன் கல்யாணம் முடிந்த கையோடு தோசை மாவு வியாபாரத்தை மூடிவிட்டு உங்களோடு பெங்களூர் வந்துவிட வேண்டும். சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் நின்று நீ சொன்னாய். நான் பதில் பேசாமல் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. போன வாரம் அம்பாசடருக்கு ஆள் பார்த்தாயிற்றா என்று கேட்கிறாய். இல்லை. பார்க்கவும் மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பொறாமை என்று நினைப்பாய். உன் கார் அழகு. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் நம் தீவுக்கு வந்து துறைமுகத்தில் இறங்கியபோது அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்கே நெஞ்சு படபடத்தது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியிருக்கிறாய், அதில் எனக்குப் பெருமைதான். இரண்டே சீட். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. வரப்போகிற மருமகள் ரோசலின் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு என் காதில், “மாமி, இதுல சாமான் எங்க வைக்கது?” என்று கேட்டாள். நீ பின்பக்கத்தைத் திறந்து காட்டினாய். ஒரு பெட்டி வைக்கலாம். என் மாவு வாளி ஒன்றுகூட நிமிர்ந்து நிற்காது.

அம்பாசடர் அழகு என்று நான் சொல்லமாட்டேன். அரசாங்க ஆபீஸ் ஒன்று வேண்டாமென்று கழித்ததை உன் அப்பா நீலாமில் ஏலம் கேட்டு எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோதே அதற்கு வயதாகியிருந்தது. கடல் காற்று இங்கே இரும்பை எப்படித் தின்னும் என்று உனக்குத் தெரியும். அப்பா டாக்யார்டில் வெல்டராக இருந்ததால் தப்பித்தோம். தரையில் ஓட்டை, கதவுக்கடியில் ஓட்டை, டிக்கியில் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மனுசன் அதன் அடியில்தான் கிடப்பார். அந்த வண்டியில் அவர் வெல்டிங் வைக்காத இடம் ஹார்ன் ஒன்றுதான். சாவியைத் திருப்பினால் சில நாள் வரும், சில நாள் வராது. சோக்கை இழுத்து, கொஞ்சம் கெஞ்சி, கொஞ்சம் மிரட்டி எழுப்ப வேண்டும். பெட்ரோலை மடக்கு மடக்கென்று குடிக்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். காதலில் கண் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதே.

உனக்கு அந்த வண்டியைப் பிடிக்காது என்பதும் எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடம் படிக்கையில் ஒருநாள் பஸ் வரவில்லை. பரீட்சை நாள். நம் ரோட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வண்டி எழும்பவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளி, எழும்பியதும் ஓடிவந்து ஏறிக்கொண்டு ஒரே சிரிப்பு. நீ மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் வருவதற்கு முந்தின திருப்பத்திலேயே, “இங்கயே எறக்கி விடுமா, நடந்து போறேன்” என்றாய். இறக்கிவிட்டேன். வெள்ளைச் சட்டையோடு விறுவிறுவென்று நடந்து போனாய். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் இப்போது உனக்கு அந்த வயதில்லை. நிச்சயதார்த்தத்துக்கு வந்த அத்தனை நாளும் ஒரு தடவைகூட நீ என் வண்டியில் ஏறவில்லை என்பதை நான் கவனித்தேன்.

சரி, நிச்சயதார்த்தத்தன்று சாத்தம் ஜெட்டியில் நடந்ததற்கு வருவோம். உனக்கு அதைப் பேசப் பிடிக்காது. பேசித்தான் தீர வேண்டும், எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. பெண் வீடு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில். சுற்று வழியில் ரோட்டிலேயே போயிருக்கலாம். இல்லாவிட்டால் தண்ணீர் ஏறும்வரை பொறுத்திருக்கலாம். காலையிலேயே நான் சொன்னேன், இப்போது கடல் வற்றமாக இருக்கிறது, வண்டி ஏற்றும் வெஹிக்கிள் போட் கீழே கிடக்கும், பலகை செங்குத்தாக இறங்கும் என்று. “கூகிள்ல பாத்துட்டேம்மா, பத்து நிமிசத்துல அக்கரை” என்றாய். கூகிளுக்குக் கடல் வற்றுவது தெரியுமா? ஜெட்டியில் கயிறு பிடிக்கிறவரும் தண்ணீர் குறைவு, கொஞ்சம் பொறு என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். “அரே பாய், பானி கம் ஹை! தோடா ருக் ஜாவோ!” நீயோ கண்ணாடியை இறக்கி, “குச் நஹி ஹோகா”, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு இறக்கினாய். முன் சக்கரம் இரண்டும் பலகையில், வயிறு ஜெட்டி விளிம்பில். கிறீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

இதே தீவில் பிறந்த பிள்ளை நீ. இங்கே ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்ஸும் ஜெட்டியில் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பாள், அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்ப்பாள். மெயின்லேண்டிலேயே பிறந்தவன் என்றால் பயந்து, நாலு பேரிடம் கேட்டிருப்பான். இங்கேயே பிறந்துவிட்டு மறந்துபோனவன்தான் இந்தக் காரியத்தைச் செய்வான். பட்டு வேட்டியும் சட்டையுமாக நீ இறங்கி நின்றாய். மீன் கூடைக்காரர்கள், காய் கொண்டுபோகிற பெங்காலி அம்மா, ஆபீஸுக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் போட் தாமதம். யாரோ “உட்டாவோ, உட்டாவோ” என்று குரல் கொடுக்க, ஆண்கள் எல்லோரும் சேர்ந்து உன் காரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பின்னால் அம்பாசடரில் சீர்த்தட்டும் சித்தப்பா, சித்தியுமாக நான் நின்றேன். கயிற்றுக்காரர், “ஆன்ட்டி, ஆவோ ஆவோ” என்றார். நான் கியரைப் போட்டு இறக்கினேன். பேசாமல் இறங்கிற்று. ஜனங்கள் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் உன்னைச் சுட்டது. உன் முகத்தைப் பார்த்தேன், எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் தம்பி, என் வண்டி ஜெயித்துவிட்டது என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. என் வண்டி உயரம், உன் வண்டி தாழ்வு. அவ்வளவுதான் விஷயம். அந்தப் பலகையில் ஒரு ஆட்டோகூட இறங்கும். இதற்குப் போய் நீ பெண் வீட்டில் சாப்பாட்டைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் எழுந்தாய். ரோசலினின் அம்மா என்ன நினைத்தார்களோ.

திரும்பி வரும்போது நடந்ததுதான் வேறு. இருட்டத் தொடங்கிவிட்டது. நான் முன்னால், நீ பின்னால். புரோத்ராபூர் வளைவில் ஒரு மனுசர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கறுப்புச் சட்டை. நான் அவரைப் பார்க்கவில்லை, சேவியர். உன் ஹார்ன் கேட்டுத்தான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். அவர் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் குதித்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. நான் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர், “கோயி பாத் நஹி ஆன்ட்டி”, பரவாயில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் நீ எல்லோர் முன்னாலும் வெடித்தாய். “ஆளையே அடிச்சிருப்பம்மா நீ! இனிமே ஸ்டியரிங்கத் தொடாத. அந்த டப்பாவ யாருக்காவது குடுத்துத் தொல. கல்யாணம் முடிஞ்சதும் நீ எங்ககூட வார, அவ்வளவுதான்.”

நீ சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதி சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. முழுக்கத் தப்பாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஜெட்டியில் பட்ட அவமானத்தையும் வளைவில் பட்ட பயத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழைத்து, அதை என் தலையிலும் அம்பாசடர் தலையிலும் கொட்டினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் நீ ஷெட்டில் உன் காரை விட்டுவிட்டு, என் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் நிறுத்திவிட்டு விமானம் ஏறினாய். தென்னை மரத்தடியில்! அந்த வாரமே மழைக்காற்றில் ஒரு காய் விழுந்து பானெட்டில் சொட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, நீ பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன், மாப்பிள்ளையாவது மண்ணாவது. உடனே அம்பாசடரை ஷெட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அதற்கு உன் காரை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தேன்.

ஆமாம், ஓட்டினேன். பதறாதே, ஒரு கீறல் இல்லை. சீட்டை மட்டும் முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன். படுத்துக்கொண்டு ஓட்ட இது என்ன கட்டிலா? சாவியை எங்கே நுழைப்பது என்று தேடித் தேடிப் பார்த்தேன், கடைசியில் பொத்தான்தான். அமுக்கியதும் உறுமிற்று. கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். வெளியே எடுத்தது எடுத்தாயிற்று, கொஞ்சம் போய்ப் பார்ப்போமே என்று சௌல்தாரிவரை போய்விட்டேன். என்னிடம் மாவு எடுக்கிற காதர் பாய் கடை வாசலில் நிறுத்தியதும் மனுசர் தராசை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். “யா அல்லா! என்ன ஆன்ட்டி, மாவு இதுலயா வருது? இனிமே வெல ஏத்திருவீங்களே!” நான் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சீட்டிலிருந்து எழுந்திருக்கத் தெரியவில்லை.

உன் காரின் பிரேக்கை நான் மறக்கமாட்டேன். வழியில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. காலை வைத்தேன், நின்றுவிட்டது. அம்பாசடரில் அப்படியில்லை. தூரத்தில் ஆடு தெரிந்தாலே நான் பிரேக்கைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். உன் காருக்குப் பின்னாலும் கண், பக்கத்திலும் கண். ரிவர்ஸ் எடுத்தால் படம் காட்டுகிறது, கோடு போடுகிறது, பக்கத்தில் எதுவும் வந்தால் கத்துகிறது. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். கோடு காணோம், தென்னை மரம் காணோம், பால் தெளித்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல ஒரே வெள்ளை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். பரவாயில்லை, தெரிந்தது. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. சைக்கிள்காரரை மறைத்தது அம்பாசடர் இல்லை. உன் காருக்கு எத்தனையோ கண். என் வண்டிக்கு இருப்பது என் கண் இரண்டும்தான். அதில் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் நான் கண் டாக்டரிடம் போனேன். கண்புரை, இரண்டு கண்ணிலும் இருக்கிறது, வலதில் முற்றிவிட்டது என்றார். வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டேன். கோபப்படாதே. உன்னிடம் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் வந்திறங்கி, இங்கே வேண்டாம், பெங்களூரில் செய்யலாம் என்று என்னைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போயிருப்பாய். அப்புறம் என்னைத் திருப்பி அனுப்பவும் மாட்டாய். ரோசலின்தான் கூட வந்தாள். சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன், அவளைத் திட்டாதே. தினமும் போட் ஏறி வந்து சொட்டு மருந்து விட்டாள். “அண்ணாந்து பாருங்க மாமி, ஆடாதீங்க, சின்னப் புள்ளய விட மோசமா இருக்கீங்க” என்று என்னையே அதட்டினாள்.

ஒருநாள் மருந்து விட்டுவிட்டு, நான் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். “அவுங்க கோவத்துல சொல்லல மாமி. பயத்துல சொல்லுதாங்க. மாமா தவறிப் போனப்ப ஊர்ல இல்லாமப் போயிட்டேன்னு எங்கிட்ட அழுதிருக்காங்க. உங்களுக்கும் ஏதாவது ஆயிருமோன்னு போன் அடிச்சாலே திடுக்குங்குதாம்.” கண்ணில் மருந்து இருக்கும்போது அழக் கூடாதாம், டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளை துடைத்துவிட்டு மறுபடியும் மருந்து விட்டது.

தம்பி, பயம் என்றால் பயம் என்று சொல்லு. என்னிடம் சொல்லு. “அம்மா, எனக்குப் பயமா இருக்கு” என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் சாவியைக் கீழே வைத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதை விட்டுவிட்டு உத்தரவாகச் சொன்னால் கேட்கிறவளுக்கு உத்தரவு மட்டும்தான் கேட்கும். உன் அப்பாவும் அப்படித்தான். நான் முதன்முதலாகத் தனியாக வண்டி எடுத்துப் போன அன்று மனுசர் ரோட்டிலேயே காத்து நின்றுவிட்டு, நான் வந்ததும் “டயரப் பாத்து ஓட்டத் தெரியாதா?” என்று எரிந்துவிழுந்தார். டயருக்கு ஒன்றும் இல்லை. அவர் சட்டை வேர்வையில் ஊறிக் கிடந்தது. எனக்கு அது புரிந்தது, ஆனால் புரிந்துகொள்வதற்குள் இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டோம். நீ ரோசலினிடம் அப்படி இருக்காதே. அவள் போட்டைத் தவறவிட்டு நேரமாகி வந்தால் முதலில், பயந்துபோனேன் என்று சொல்லு. கத்துவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது.

இப்போது என் முடிவைக் கேள். பெங்களூருக்கு நான் வரமாட்டேன். வந்து பார்ப்பேன், இருப்பேன், பேரப்பிள்ளை பிறந்தால் குளிப்பாட்டித் தருவேன், அப்புறம் திரும்பி வந்துவிடுவேன். அங்கே நான் சேவியரின் அம்மா, பால்கனியில் துணி காயப்போடுகிறவள். இங்கே நான் மாவு ஆன்ட்டி. பெங்காலி வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் காலையில் என் மாவில்தான் தோசை. நான் போகவில்லை என்றால் போன் பண்ணித் திட்டுகிறார்கள். அந்தத் திட்டு எனக்கு வேண்டும். உன் காரில் இரண்டு சீட்தான் இருக்கிறது, அது சரியான கணக்கு. ஒன்று உனக்கு, ஒன்று ரோசலினுக்கு. எனக்கு இடம் தேடிக் கஷ்டப்படாதே. எனக்கு வண்டி இருக்கிறது.

உன் பாதியையும் நான் ஒப்புக்கொள்கிறேன். கல்யாணம் முடிந்ததும் இடது கண்ணையும் சரி செய்துகொள்வேன். அது முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை பொழுது சாய்ந்தபின் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். இது உனக்குப் பயந்து இல்லை, அந்தச் சைக்கிள்காரரை நினைத்து. வண்டிக்குப் புது பிரேக் போட்டாயிற்று, சீட் பெல்ட்டும் போட்டாயிற்று, முன் லைட்டும் மாற்றியாயிற்று. உன் காரை ஓட்டிப் பார்த்தபிறகு பழைய பிரேக்கை மிதிக்கவே எனக்குப் பயமாகிவிட்டது, அந்தப் புண்ணியம் உன்னுடையது. என்றைக்காவது பகலிலும் கண் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னால், நீ கேட்கும் முன்னால் சாவியை நானே கொண்டுவந்து உன் கையில் வைப்பேன். நான் சொன்னால் செய்கிறவள் என்பது உனக்குத் தெரியும். அந்த நாள் வரும்வரை விற்பது பற்றிய பேச்சு வீட்டில் எழக் கூடாது.

போன வாரம் டாக்டர் வலது கண்ணால் சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை படித்தேன். அவர் சிரித்துவிட்டு, பகலில் தாராளமாக ஓட்டுங்கள் என்றார். மறுநாள் காலையிலேயே மாவு வாளிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரோட்டோரத்துப் புல்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது, சேவியர். இவ்வளவு நாளும் நான் எதைப் பார்த்து ஓட்டினேன் என்றே தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷத்தில்.

கல்யாணத்துக்கு நீ வருகிற அன்று விமான நிலையத்தில் டாக்சி சொல்லி வைத்திருக்கிறாயாமே, ரோசலின் சொன்னாள். அதை நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உன் விமானம் மதியம் இறங்குகிறது, நல்ல வெயில் இருக்கும். வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்திவிட்டு நான் நிற்பேன், திருப்பத்தில் இல்லை. பெட்டியை டிக்கியில் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறு. வெளிச்சம் இருக்கிறவரை நீ என் பக்கத்தில் உட்காரு. இருட்டினால் நான் உன் பக்கத்தில் உட்காருகிறேன்.

அம்மா